ஏரிக்கு எத்தனாம் நம்பர் ஃபிளை ராடு?

கரைக்காற்று: ஃபிளை எனும் போலிப்பூச்சியை வீசி மீன் பிடிக்கிற ராடு பற்றி நேற்று ஒருவர், "ஏரி மீனுக்கு 5-ஆம் நம்பர் ஃபிளை ராடே போதும், 8 எல்லாம் கடலுக்குப் போகிறவன் வாங்குவது" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆடி மாதம் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் விராலுக்கு நின்றிருக்கிறாரா? அம்மி பறக்கிற காற்றில் 5 எங்கே போகும்? வீசிய ஃபிளை திரும்பி வந்து காதுமடலில் ஏறி, முள்ளைக் கழற்றப் பிளையர் கடன் கேட்டு நின்றவன் நான்.

குடியாத்தம் தூண்டில்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மோர்தானா அணையில் அதே 5-ல் ஐம்பது அடி வீசினேன். ஐம்பது அடி. ஜிலேபி மீனுக்கு எட்டாம் நம்பரா? ஈ அடிக்க உலக்கையா?

கரைக்காற்று: ஐம்பது அடியை எதை வைத்து அளந்தீர்கள்?

குடியாத்தம் தூண்டில்: கொத்தனார் டேப்.

புதுப்பையன்: அண்ணா, நம்பர் என்றால் ராடின் எடையா?

முள்ளும் நரம்பும்: இல்லை தம்பி, அந்த ராடுக்குப் பொருந்தும் லைனின் நம்பர். லைனின் முதல் 30 அடியின் எடையை வைத்துத்தான் நம்பர்: 5-ல் 140 கிரெயின், ஏறக்குறைய 9 கிராம். 8-ல் 210 கிரெயின், 13.6 கிராம். ஃபிளைக்குப் பெரிதாக எடை கிடையாது, லைனின் கனம்தான் அதைக் கொண்டுபோகும். காற்றும் பெரிய ஃபிளையும் என்றால் கனமான லைன். தேங்கிய தண்ணீருக்கு 6, 7 நம்பரில் 10 அடி ராடு வைத்திருப்பவர்கள்தான் நிறைய. நீங்கள் இருவரும் வேறு வேறு மீனைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

கரைக்காற்று: கிரெயின் கிடக்கட்டும் சார். டேப்பின் ஒரு முனை உங்கள் கையில் சரி, மறுமுனையை மீனா பிடித்தது?

குடியாத்தம் தூண்டில்: கரையில் புல்லில் வீசி அளந்தேன்.

கரைக்காற்று: அப்படி வா நைனா! புல்லில் ஐம்பது அடி! ஆடு மேய்ப்பவர் கைதட்டியிருப்பார். இங்கே தவளை மாதிரி கட்டின ஃபிளையைக் கவ்வின விரால் நேராக அல்லிக்கொடிக்குள் பாயும். உங்கள் 5 வில்லாக வளைந்து நிற்கும், மீன் வராது. எட்டுதான். காற்றுக்கும் எட்டு, கொடிக்கும் எட்டு.

வாலாஜா வாசி: காவேரிப்பாக்கம் 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். இது வேலூர்க்காரர்கள் பேசும் இடம்.

கரைக்காற்று: எங்களுக்கு இன்னும் வட ஆற்காடுதான். நீங்கள் எல்லைக்கல் நட்டால் காற்று நிற்குமா?

குடியாத்தம் தூண்டில்: எல்லை தெரியாதவர்தானே, பொங்கலுக்கு என் ரீலை இரவல் வாங்கி, நுனி லைனை வெட்டிவிட்டுத் தந்தீர்கள்.

கரைக்காற்று: சிக்கு விழுந்த பத்தடியை வெட்டினேன். 5-ஆம் நம்பர் லைன், காற்றில் சிக்காமல் என்ன செய்யும்?

குடியாத்தம் தூண்டில்: பத்தடியா? முப்பது!

முள்ளும் நரம்பும்: முதல் முப்பதும் போயிருந்தால் மிச்சத்தை 5 என்றே சொல்ல முடியாது. மோர்தானாவில் வீசியது அந்த லைனா?

கரைக்காற்று: சார், நடுவில் வராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, காவேரிப்பாக்கம் கரை. டேப் நான் கொண்டுவருகிறேன். ஐம்பது அடி, தண்ணீரில்.

குடியாத்தம் தூண்டில்: முதலில் என் முப்பதடி லைன் வரட்டும். அப்புறம் ஞாயிறு.

கரைக்காற்று: பத்தடி.