மாணவர் செயலி டேட்டா ஒரே பக்கம் சாய்கிறது: மேல் 5 சதவீதத்தை வெட்டிவிடலாமா?

கடலோரத்தான்:
வணக்கம். தங்கச்சிமடம் பக்கம் ஒரு டியூஷன் சென்டர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போனில் கணக்குப் போட்டுப் பழகும் செயலியின் சிஎஸ்வி ஃபைல் (எக்செல் போலத் திறக்கும் எளிய அட்டவணை) என் கையில் இருக்கிறது. வரிக்கு வரி மாணவர் எண், திறந்த நேரம், மூடிய நேரம். எத்தனை நிமிடம் படித்தவர் எத்தனை பேர் என்று காட்டும் பட்டைப் படம் (ஹிஸ்டோகிராம்) போட்டால் இடது ஓரத்தில் ஒரு மலை, வலப்பக்கம் எங்கோ ஒன்றிரண்டு குச்சி. சிலர் ஒரே மூச்சில் பத்து மணி நேரத்துக்கு மேல் படித்திருக்கிறார்களாம். அதிகம் பேர் திறக்கும் நேரம் பகல் இரண்டரை. அப்போது எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்களே! இப்படி எட்டாத தூரத்தில் நிற்கும் எண்களை (அவுட்லயர்) தூக்கிவிட்டு சராசரியை சாரிடம் கொடுக்கலாமா?

தொண்டி அக்கா:
எதையும் தூக்காதீங்க தம்பி. அந்த இரண்டரைதான் துப்பு. சர்வர் யுடிசி நேரத்தில், அதாவது உலகப் பொது நேரத்தில் எழுதுது. நம்ம நேரம் 5:30 முன்னால, அதனால 14:30ங்கிறது இரவு 8 மணி. நேரத்தை மாத்திட்டு அப்புறமா கிழமை பிரிங்க. விடியக்காலை 4:30க்கு எழுந்து படிக்கிற பிள்ளை, யுடிசியில முந்தின நாள் 23:00 கணக்குல போய் விழும்.

மண்டபத்தான்:
போன் யாருடையது? ரொம்ப நேரம் படிச்சதாக் காட்டுற நீள வரிகள் எந்தக் கிழமையில் வருது? நம்ம பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனிதானே கடலுக்குப் போகும்.

கடலோரத்தான்:
நேரத்தை மாற்றிப் பார்த்தேன் அண்ணே. நீள வரிகளில் பெரும்பாலானவை அந்த மூன்று கிழமையில்தான் தொடங்குகின்றன! ஒரு வரி: புதன் காலை 6:52க்குத் திறப்பு, வியாழன் காலை 7:40க்கு மூடல். நடுவில் ஒரு கணக்குக்கும் விடை இல்லை.

மண்டபத்தான்:
அப்ப சரிதான். பிள்ளை செயலியை மூடாமலே குடுத்திருக்கும், அப்பா போனோட படகு ஏறியிருப்பார். திரும்பி வந்து யாராவது தொடும்வரைக்கும் எல்லாம் 'படிப்பு'. திறப்பு, மூடலை நம்பாதீங்க. ஒவ்வொரு விடைக்கும் நேரம் பதிஞ்ச பதிவேடு இருந்தா கேட்டு வாங்குங்க. 30 நிமிஷம் அசைவு இல்லைன்னா அந்தத் தடவைப் படிப்பு (அமர்வு) முடிஞ்சதா வெட்டுங்க. இணையதளத்துக்கு வர்றவங்களைக் கணக்கெடுக்கிற வெப் அனலிட்டிக்ஸ்ல வழக்கமா வைக்கிற அளவு அது. வீடியோ பாடம் நீளம்னா கொஞ்சம் கூட்டிக்கலாம்.

தொண்டி அக்கா:
இதைச் சரிபண்ணினாலும் சாய்வு முழுசாப் போகாது. மிச்சம் இருக்கிறது நிஜம். ஒன்பது பேர் 5 நிமிஷம், ஒருத்தர் 500 நிமிஷம்னா சராசரி 54.5. அப்படி ஒரு பிள்ளையே அங்க கிடையாது. வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற எண், அதாவது இடைநிலை 5, அதைக் குடுங்க. கூடவே கால் பங்கு, முக்கால் பங்கு இடத்துல வர்ற கால்மானங்களையும். படம் போட, ஒவ்வொரு நிமிஷ எண்ணோடும் ஒன்னைக் கூட்டி மடக்கை (லாகரிதம்) எடுங்க.

இன்னொன்னு, செயலியைத் திறக்கவே திறக்காத பிள்ளை இந்த ஃபைல்லயே இருக்காது. சென்டர் வருகைப் பட்டியலோட சேர்த்து, பூஜ்யம் எத்தனை பேர்னு தனியாச் சொல்லுங்க. சார் முதல்ல பார்க்க வேண்டியது அவங்களைத்தான்.

கடலோரத்தான்:
நன்றி அக்கா. மே மாதம் பயன்பாடு ஏறினால், மீன்பிடித் தடைக்காலத்தில் போன் வீட்டில் இருப்பதுதான் காரணம் என்று எழுதலாமா?

தொண்டி அக்கா:
எழுதாதீங்க. தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி லீவும் அதுக்குள்ளதான் வருது. படகு இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே அளவு ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க.