முருங்கைக்கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும்

குழு: கிழக்குத்தெரு வீட்டு உறவுகள்

காயத்ரி: பெரியப்பா, முருங்கைப்பொடியில் பாலைவிடப் பதினேழு மடங்கு சுண்ணாம்புச்சத்து உண்டு என்று நேற்று ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். எனக்கு ஐந்தாம் மாதம், ஹீமோகுளோபின் 9.4தான் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுவதால், அதை விட்டுவிட்டு இந்தப் பொடியையே சாப்பிடலாமா?

பெரியப்பா: தாராளமாகச் சாப்பிடம்மா. உன் பாட்டி எந்த மாத்திரையைக் கண்டாள்?

தமிழரசி அத்தை: அண்ணா, கீரைக்கு நான் எதிரி இல்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்தப் பதினேழு மடங்கு, ஈரம் முழுவதும் வற்றிய பொடியையும், பெரும்பகுதி நீராகவே இருக்கும் பாலையும் எடைக்கு எடை ஒப்பிட்ட கணக்கு. பச்சை இலை 100 கிராமில் சுமார் 300 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும், அதே அளவு பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராமும் இருக்கின்றன. கீரைக்கு இந்தப் பெருமையே போதும். ஆனால் இரும்பு அதே 100 கிராமில் நான்கு, ஐந்து மில்லிகிராம்தான்; அதிலும் சிறு பகுதியைத்தான் உடல் ஏற்கும். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது.

காயத்ரி: அப்படியானால் புரட்டலுக்கு என்ன செய்வது, அத்தை?

தமிழரசி அத்தை: நீயாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல், நேரத்தையோ மாத்திரையையோ மாற்றித் தருவார். கீரையைப் பருப்போடு கூட்டாகச் சாப்பிட்டு, மேலே எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். காபியை மட்டும் ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடு. முருங்கை வேரையோ பட்டையையோ யார் கஷாயம் வைத்துக் கொடுத்தாலும், இந்த நிலையில் வாயில் வைக்காதே.

சித்தப்பா: இதய வால்வு சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். எனக்கும் இது ஆகுமா?

தமிழரசி அத்தை: கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். ஒரு வாரம் கட்டுக்கட்டாகவும் மறுவாரம் துளியும் இல்லாமலும் சாப்பிடக் கூடாது. அளவை மருத்துவரிடம் கேட்டு, அதையே மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா: கொல்லை மரத்தில் கம்பளிப்பூச்சி அடையடையாக ஏறியிருப்பதால், கீரையைச் சந்தையில்தான் வாங்க வேண்டும். இரவே துணியில் சுற்றி வைத்துவிட்டால், காலையில் உதறியதும் இலை தானாக உதிரும். உருவுகிற வேலை பாதியாகிவிடும்.

பெரியப்பா: அரைத்த பொடி ஒரு டப்பா நிறைய இருக்கிறதே?

தமிழரசி அத்தை: அடை மாவில் ஒரு தேக்கரண்டி கலக்கச் சொல்லுங்கள், அண்ணா. நிழலில் உலர்த்தியதுதானே? வெயிலில் காய்ந்திருந்தால் வைட்டமின் ஏ பெரும்பாலும் போயிருக்கும்.

பெரியப்பா: மொட்டை மாடியில் காயவைத்தேன்.