கடைத் தொலைபேசியை இணையத்துக்கு மாற்றலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து வெள்ளிக் கொலுசுக் கடை நடத்துகிறோம். 0427 என்று தொடங்கும் எங்கள் தரைவழி எண் பெயர்ப்பலகை, ரசீதுப் புத்தகம், வெளியூர் வியாபாரிகளின் நாட்குறிப்பு என எல்லா இடத்திலும் இருக்கிறது. இப்போது செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் (கண்ணாடி இழை) வழியாகப் பேசும் இணைப்பு தருகிறோம் என்கிறார்கள் தொலைபேசி நிறுவனத்தார்.

எனக்குப் புரிந்தவரை, குரல் சிறு சிறு பொட்டலங்களாக இணையத்தில் போகிறது. போகவும் வரவும் நொடிக்குத் தலா 100 கிலோபிட் வேகம் இருந்தால் ஓர் அழைப்புக்குப் போதும். ஆகவே வேகத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. பொட்டலங்கள் தாமதமாகவும் முன்பின்னாகவும் வந்தால்தான் பேச்சு விட்டுவிட்டுக் கேட்குமாம்.

என் கவலை மின்வெட்டு. பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். கடை இருட்டில் கிடந்தாலும் மணி அடிக்கும். ஃபைபர் மோடத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா? உண்மையில் எவ்வளவு நேரம் தாங்குகிறது? விற்பவர் சொல்லும் கணக்கு வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அப்பா தன் பழைய பட்டன் போனை விடமாட்டார். அதை மோடத்தின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகினால் போதுமா, தனி அடாப்டர் வேண்டுமா? ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பு கடையிலும் பட்டறையிலும் சேர்ந்து ஒலிக்கும்படி செய்தவர்கள் இருக்கிறீர்களா? முக்கியமாக, மாறும்போது பழைய எண்ணை இழந்தவர்கள் இருந்தால் முதலில் அவர்கள் சொல்லுங்கள்.