ரஸ்தா தாண்டுமா தாண்டாதா? (இந்த வார மழை)

புதுவயல் களத்துமேடு | செவ்வாய் இரவு 8.40
நேத்து இங்க ஒரு அண்ணன் போட்டிருந்தாரு, வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் மழை இருக்கு, ஆனா அது காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவுல இருக்கற தேவகோட்டை ரஸ்தாவோட நின்னுரும், அதுக்கு இந்தப் பக்கம் காரைக்குடி, புதுவயலுக்கெல்லாம் வெறும் தூத்தல்தான்னு. படிச்சதுல இருந்து வயித்தெரிச்சலா இருக்கு. ரஸ்தால யாருங்க கோடு போட்டது? களத்துல அவிச்ச நெல்லு கெடக்கு, நாளைக்கும் அவிக்கவான்னு மொதலாளி கேக்குறாரு. உங்க பேச்சை நம்பி அவிச்சு, காயாம நாத்தம் எடுத்துச்சுன்னா அந்த அரிசியை உங்க வீட்டுக்குத்தான் அனுப்புவேன்.

தேவகோட்டை தெக்குவீதி | 9.02
போட்டது நான்தான். மாத்திக்கவும் மாட்டேன். ரஸ்தா தாண்டாது. தாழ்வுப்பகுதி இலங்கையை ஒட்டி நிக்குது, அப்படியே குமரிக்கடல் பக்கம் நகரும், அப்ப கெழக்குக் காத்து கொண்டாற மழை ராத்திரியும் விடியக்காலமும் தொண்டி, தேவிபட்டினம்னு கரையோரமாத்தான் கொட்டும், உள்ள வர வர மேகத்துக்குத் தெம்பு போயிரும். 2024 நவம்பர் 20 ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 41 செ.மீ. பேஞ்சுச்சே, காரைக்குடில அப்படியா பேஞ்சுச்சு? நான் பல வருசமா வானத்தைப் பாக்குறவன், செல்போனைப் பாத்து மழை சொல்றவன் இல்ல.

கல்லல் கம்மாக்கரை | 9.15
2018 நவம்பர் 16 கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல்னு மரத்தையும் போஸ்டையும் சாச்சுக்கிட்டே போச்சே அண்ணே. அதுக்கு ரஸ்தால ஸ்டாப்பிங் இருந்துச்சா?

தேவகோட்டை தெக்குவீதி | 9.19
அது புயல் மாப்ள. நான் சொல்றது தாழ்வுப்பகுதி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாத. தாழ்வுப்பகுதி மழை ரஸ்தா தாண்டாது.

வானிலை மாணவன் | 9.31
சண்டைக்கு முன்னாடி ஒண்ணு. வானிலை மையம் சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைக்கு 'ஓரிரு இடங்களில் கனமழை'ன்னுதான் சொல்லியிருக்கு. ஓரிரு இடங்கள்னா மழைமானி இருக்கற இடத்துல கால்வாசி இல்ல அதுக்கும் கம்மி. கனமழைன்னா காலை எட்டரைல இருந்து மறுநாள் எட்டரைக்குள்ள 64.5 மி.மீ.ல இருந்து 115.5 வரைக்கும். 204.4-ஐத் தாண்டினாத்தான் அதிகனமழை. அதனால எந்த ஊர்ல நிக்கும்னு ரோட்டை வச்சு யாரும் சொல்ல முடியாது.

கொப்புடையாள் துணை | 9.34
தம்பி அதெல்லாம் சரி, ரஸ்தா தாண்டுமா தாண்டாதா?

தேவகோட்டை தெக்குவீதி | 9.36
தாண்டாது.

புதுவயல் களத்துமேடு | 9.41
அண்ணே எங்க ஊருக்கு மழை வர்ற தடமே வேற. கோட்டைப்பட்டினத்துல ஏறி அறந்தாங்கி வழியா நேரா எங்க தலைல வந்து ஊத்தும். ரஸ்தால டிக்கெட் எடுத்துட்டுத்தான் வரணுமா?

கானாடுகாத்தான் வளவு | 9.50
வணக்கம்ப்பா. ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுல சாந்திக் கல்யாணம் (அறுவதாங் கல்யாணம்). முத்தத்துக்கு மேல படுதா கட்டணுமா, சும்மா விட்டுரலாமா, அதை மட்டும் சொல்லுங்க. போன தடவ ஓட்டுத்தண்ணி அப்படியே எறங்கி, அண்டா வச்சும் நெறஞ்சு பட்டாசாலை வரைக்கும் வந்துருச்சு, கோலமாவெல்லாம் கரைஞ்சு பால் மாதிரி ஓடுச்சு.

கொப்புடையாள் துணை | 9.55
கட்டிருங்க ஆச்சி. தெக்குவீதி அண்ணன் சொல்றதுக்கு நேர் எதிரா செஞ்சா எப்பவும் நல்லது. தீபாவளிக்கு ஒரு சொட்டு விழாதுன்னு இதே வாயாலதான் சொன்னாரு. என் புது வேட்டி நனைஞ்சு முழங்கால்ல ஒட்டிக்கிச்சு.

தேவகோட்டை தெக்குவீதி | 10.03
தீபாவளிக்கு நான் சொன்னது தேவகோட்டைக்கு. உங்களை யாரு காரைக்குடில நின்னுக்கிட்டு அதைப் படிக்கச் சொன்னது? அதுசரி, 2024-ல மாநகராட்சி ஆனதுல இருந்து உங்களுக்கு ஒரு நெனப்பு. மாநகராட்சி போர்டைப் பாத்துட்டு மேகம் வந்து எறங்காது சார். ஆச்சி, நீங்க படுதாவெல்லாம் கட்ட வேணாம், கானாடுகாத்தான் ரஸ்தாவுக்கு எவ்வளவு தள்ளி வடக்க இருக்கு, மழைக்கு அங்க என்ன வேலை? அப்படி வந்தாலும் சாயங்காலம் ஒரு இடி, ஒரு பொழி, போயிரும்.

கல்லல் கம்மாக்கரை | 10.08
சாயங்காலம் இடியோட வரும்னா அப்ப ரஸ்தா தாண்டிருச்சுல்ல?

தேவகோட்டை தெக்குவீதி | 10.10
அது உள்ளூர்ல சூட்டுல தானா கெளம்புற மழை. கடல்ல இருந்து வர்ற மழையைப் பத்தித்தான் பேச்சு. கடல்மழை ரஸ்தா தாண்டாது.

கல்லல் கம்மாக்கரை | 10.16
மழைக்கு ஆதார் கார்டு கேப்பீங்க போல. எங்களுக்குக் கடல்மழையோ உள்ளூர் மழையோ, கம்மா நெறயணும். கதிரு பால் புடிக்கிற நேரம், இன்னும் ஒரு தண்ணி வேணும். ஐப்பசி பூரா ஏமாத்திருச்சு, கார்த்திகையையும் விட்டா அப்பறம் எங்க போறது. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்ல, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லன்னு எங்க அய்யா சொல்லுவாரு.

புதுவயல் களத்துமேடு | 10.20
உங்களுக்கு மழை வேணும், எனக்கு வேணாம். நல்லா இருக்குய்யா.

கல்லல் கம்மாக்கரை | 10.22
நாங்க வெளைய வச்சாத்தான நீங்க அவிக்க முடியும்? நெல்லைக் கொண்டாந்தா ஈரம்னு சொல்லி எடைல கழிக்கிறவுகதான நீங்க.

புதுவயல் களத்துமேடு | 10.25
ஈர நெல்லைக் கொண்டாந்தா ஈரம்னுதான் சொல்லுவோம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வானிலை மாணவன் | 10.27
குமரிக்கடல் பக்கம் போகாம அந்தத் தாழ்வுப்பகுதி டெல்டா நோக்கி ஏறிருச்சுன்னா மொத்தக் கணக்கும் மாறிடும். வியாழன் காலைலதான் ஓரளவு தெளிவாத் தெரியும்.

தேவகோட்டை தெக்குவீதி | 10.34
தம்பி நீ படிச்ச புள்ள, ஒத்துக்கறேன். ஆனா நான் மாடில ஒரு வாளி வச்சிருக்கேன், ஒவ்வொரு மழைக்கும் ஸ்கேல் வச்சு அளந்து டைரில எழுதுறேன். போன மாசம் எங்க வாளில நாலு விரக்கடை, அதே ராத்திரி எங்க மச்சான் காரைக்குடி செக்காலைல இருந்து போன் பண்ணி ரோடு காஞ்சு கெடக்குங்குறாரு. இதுக்கு மேல என்ன ஆதாரம்?

கொப்புடையாள் துணை | 10.37
வாளி மேல அகலமா கீழ குறுகலா இருக்கும், அதுல ஸ்கேல் வச்சா எப்படிண்ணே கணக்கு வரும்? இதுல விரக்கடை வேற.

தேவகோட்டை தெக்குவீதி | 10.41
என் வாளியைப் பத்திப் பேசாதீங்க. நேரா இருக்கற பழைய எண்ணெய் டின்னுதான், பேச்சுக்கு வாளின்னு சொன்னேன்.

கொப்புடையாள் துணை | 10.42
அப்ப டின்னா வாளியா?

கானாடுகாத்தான் வளவு | 10.48
படுதாக்காரர் லைன்ல இருக்காருப்பா, யாராச்சும் சொல்லுங்க.

தேவகோட்டை தெக்குவீதி | 10.50
வேணாம் ஆச்சி.

கொப்புடையாள் துணை, கல்லல் கம்மாக்கரை இருவரின் பதில்களும் ஒரே நிமிடத்தில் | 10.51
கட்டுங்க ஆச்சி.
கட்டிருங்க ஆச்சி.

தேவகோட்டை தெக்குவீதி | 10.58
வேலை வெட்டி இல்லாதவுகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி கை வலிக்குது. டின்னு போட்டோ நாளைக்குப் போடுறேன். 'ரஸ்தா தாண்டாது, பாகம் 2'ன்னு தனித் திரி ஆரம்பிக்கிறேன், மாநகராட்சிக்காரவுகளுக்கு அங்க அனுமதி இல்ல.

கொப்புடையாள் துணை | 10.59
ஸ்கேலோட சேத்து போட்டோ எடுங்கண்ணே.