வேலை, செல்போன், வீடு: நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

வடசேரிக்காரன்:
எனக்குப் பெங்களூரில் ஐ.டி. வேலை. போன கிறிஸ்துமஸ் லீவில் மார்த்தாண்டத்திலிருந்து நித்திரவிளை போகிற பஸ்ஸில் ஒரு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊர் தூத்தூர். ஆழ்கடலில் தங்கி மீன்பிடித் தொழில் செய்கிறவர். போட்டு (படகு) கொச்சியில் கரை பிடித்ததும் நேரே வீட்டுக்கு வருகிறார். சட்டைப் பையில் போன் விடாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, போன் அடிக்குது."

"அடிக்கட்டும் மக்களே, எல்லாம் குரூப்பு. நான் வரது வீட்டுல தெரியும்."

அப்புறம், தான் கரையில் இருக்கிற நாட்களின் வேலையை அவரே சொன்னார். கடலுக்குப் போன பிறகு ஊரில் யார் இறந்தார்கள், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் கல்யாணம் நடந்தது என்று மனைவி வரிசையாகச் சொல்லுவாராம். அத்தனை வீட்டுக்கும் போய்த் தலை காட்ட வேண்டும். "வாட்ஸ்அப்புல கும்பிடு போட்டாச்சேன்னு இருந்துர முடியுமா? வாசல்ல போய் நிக்கணும்லா." மகளின் டீச்சரையும் பார்க்க வேண்டுமாம். இதற்கு நடுவில்தான் தூக்கம்.

2017 ஒக்கிப் புயலைப் பற்றி நான் கேட்கவில்லை, அவராகவே தொட்டார். தூரத்தில் கிடந்த போட்டுகளுக்கு வயர்லெஸ் எட்டவில்லை, சேதி போய்ச் சேரவில்லை. கூடத் தொழில் செய்தவர்கள் சிலர் திரும்பவே இல்லை. "அதுக்குப் பொறவு மச்சான்கூட சண்டைன்னாலும் பேசித் தீத்துட்டுதான் போட்டுல ஏறுவேன்" என்றார். சில தடவை மச்சான் வேண்டுமென்றே பிடி கொடுக்காமல் இழுத்தடிப்பாராம்! சொல்லிவிட்டுச் சிரித்தார்.

என் டீமில் கல்யாணத்தன்றும் லேப்டாப்பைத் திறந்தவனுக்குப் பாராட்டு மெயில் வந்தது. அதைப் பற்றி இங்கே வேறு என்ன எழுத?

திருவட்டாறு டீச்சர்:
கால்வாய்த் தண்ணீரைச் சுமந்து போகிற மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். தொட்டியில் தண்ணீர் ஓடுகிறதா என்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை. போன மாதம் அங்கே ஒரு பாட்டாவைப் பார்த்தேன். 1966-ல் கட்டி முடித்த பாலம் அது. இளவட்டமாக இருந்தபோது அந்த வேலையில் ஜல்லி சுமந்தவராம். சென்னையிலிருந்து வந்த பேரன் ரீல்ஸுக்காகப் போனை நீட்டி, "தாத்தா, இப்போ சொல்லுங்க" என்றான். பாட்டா வாயே திறக்கவில்லை. "அத பையில வை, சொல்லுதேன்."

வைத்தான். 115 அடி உயரத்தில் நின்றுகொண்டு, எந்தத் தூணுக்கு எந்தப் பக்கமிருந்து கல் வந்தது என்று கை நீட்டிக் காட்டினார். பையன் முதலில் கேட்டதே, "கூலி எவ்வளவு?" பாட்டாவுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று. கூலி, மேஸ்திரி, கட்டுச்சோறு என்று பேச்சு நீண்டது. நானும் என் பிள்ளைகளும் சும்மா நிற்கிற மாதிரி நின்று எல்லாவற்றையும் கேட்டோம்.

கருங்கல், இப்போது குவைத்:
ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் போனைத் தூக்கிப் போடு, வேலையை விட்டுட்டு ஊருக்கு வா என்று யாராவது கிளம்பினால் எனக்குக் கோபம் வரும். நான் நர்ஸ். ஊரிலேயே இந்தச் சம்பளம் கிடைத்தால் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே எதற்கு வருகிறேன்?

இங்கே சாயங்காலம் 5 மணி என்றால் ஊரில் ஏழரை. அம்மா போனை அடுக்களை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு மரச்சீனிக் கிழங்கு நறுக்குவார். மகள் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் துணி மடிப்பேன். பெரிதாகப் பேச்சு ஒன்றும் இருக்காது. ஸ்டேட்டஸ் போடுவதை நிறுத்திவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கா, கூப்பிட வேண்டாம்" என்று சொந்தக்காரர்கள் இருந்துவிடுகிறார்கள்.

நேற்று மீன் கறியில் புளி கூடிப்போச்சு என்று பாட்டிக்கும் பேத்திக்கும் சண்டை. என்னிடம் நியாயம் கேட்டார்கள். ருசி பார்க்காமல் என்ன தீர்ப்பு சொல்ல? மகள் பக்கம் சொல்லிவைத்தேன். அம்மா இன்றைக்குப் போனை எடுக்கவில்லை, மகள்தான் எடுத்தாள்.