சுங்கை சிப்புட்: இலவசக் கணினி விளையாட்டுகளை வயதுவாரியாகப் பிரிக்க உதவி வேண்டும்

வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மாலை டியூஷனுக்கு 5 முதல் 12 வயது வரை 14 பிள்ளைகள் வருகிறார்கள். இருப்பது பழைய கணினிகள் 3. லினக்ஸ் மின்ட் இயங்குதளம், 4 ஜிபி ரேம், இணையம் கிடையாது. பாடம் முடிந்ததும் அரை மணி நேரம் விளையாட்டு.

இரண்டு மாதமாக வயதை வைத்துப் பிரித்துப் பார்க்கிறேன், சரிவரவில்லை. ஜிகாம்ப்ரீ என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பை 2 முதல் 10 வயதுக்கு என்கிறார்கள். அவ்வளவு பெரிய வரம்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதில் கடினத்தைக் காட்டும் நட்சத்திர அளவை வைத்து வடிகட்டினேன். சின்னவர்களுக்குப் பரவாயில்லை. படம் வரையும் டக்ஸ் பெயின்ட்டில் எல்லோருக்கும் குஷி, அதைத் தொடப்போவதில்லை.

சிக்கல் டக்ஸ்மேத் என்ற கணக்கு விளையாட்டில்தான். விழும் எரிகல்லில் உள்ள கணக்குக்கு விடையைத் தட்டினால் கல் வெடிக்கும். 7 வயதுப் பையன் ஒருவன் பெருக்கலில் வெளுத்து வாங்குகிறான். 10 வயது அக்காவோ விடை தெரிந்தும் விசையைத் தேடுவதற்குள் கல் விழுந்துவிடுகிறது, அப்புறம் கணினிப் பக்கமே வருவதில்லை. விளையாட்டுகளுக்கு ஐரோப்பாவில் தரும் பெகி என்ற வயது முத்திரையையும் பார்த்தேன். அது உள்ளடக்கம் அந்த வயதுக்குத் தகுமா என்றுதான் சொல்கிறது, எளிதா கடினமா என்று சொல்வதில்லை. சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற வண்டிப் பந்தய விளையாட்டு எங்கள் கணினியில் திக்கித் திணறுகிறது, ஆகவே அது வேண்டாம்.

இப்படிக் கலந்த குழுவுக்கு வயதை விட்டுவிட்டு வேறு எதை வைத்து விளையாட்டுகளைப் பிரிக்கிறீர்கள்: வாசிப்பா, தட்டச்சு வேகமா, கணக்கா?