புதுப்பிப்பு: கொட்டுக்காளியை மறுபடி பார்த்துவிட்டேன்

போன வாரம் இங்கே ‘கொட்டுக்காளி’ படத்தைப் பற்றி “ஆட்டோ போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு” என்று எழுதி நிறையத் திட்டு வாங்கினேன். ஹெட்போன் மாட்டி மறுபடி பாருங்கள் என்றீர்கள். பார்த்தேன்.

சரி, தோற்றேன். படத்தில் பின்னணி இசையே கிடையாது என்பது முதல் தடவை எனக்கு உறைக்கவே இல்லை (டிவி சத்தத்தைக் குறைத்து, பாதி நேரம் போனைப் பார்த்திருந்தேன்). கால் கட்டிய சேவல், ஆட்டோ இரைச்சல், சூரியின் கரகரத்த தொண்டை, இவைதான் இசை. நாயகி அன்னா பென் கிட்டத்தட்ட பேசுவதே இல்லை, ஆனாலும் எல்லாரும் அவருக்குத்தான் பயப்படுகிறார்கள். வழிமறித்து நிற்கும் காளையிடம் ஆண்கள் திணற, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிப்போகும் இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முடிவு மட்டும் இன்னும் உறுத்துகிறது.

‘மெய்யழகன்’ படம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை: வெளியான பிறகு சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள், வெட்டாமலே விட்டிருக்கலாம்.

அப்புறம், கிரிக்கெட் படமான ‘லப்பர் பந்து’வை மூன்றாவது முறை பார்த்தேன். ‘நீ பொட்டு வச்ச’ பாட்டு ஒலிக்க தினேஷ் களமிறங்கும்போது இன்னும் புல்லரிக்கிறது.